உங்கள் பேட்டைப் பூங்காவின் வரலாற்றைத் தேடிக் காப்பது எப்படி: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

பூங்காவின் வரலாறு என்றதும் பலரும் முதலில் நூலகத்துக்குப் போகிறார்கள். அங்கே உங்கள் பூங்கா இருக்காது. பனகல் பூங்கா போன்ற பெயர்பெற்ற இடத்துக்கே நகர வரலாற்று நூல்களில் ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. நாலு தெரு சந்திப்பில் ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களுமாக நிற்கும் பூங்காவைப் பற்றி யாரும் புத்தகம் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதன் கதை மண்டல அலுவலகக் கோப்பு அறையிலும், சார்பதிவாளர் அலுவலகத்திலும், எதிர்வீட்டுப் பாட்டியின் பீரோவிலும் சிதறிக் கிடக்கிறது.

நான் இந்த வேலையில் இறங்கியபோது எந்த மேசைக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் பழைய இடத்துக்கே திரும்பப் போகச் சொன்னார்கள். அந்த அலைச்சலில் விளங்கியது இதுதான்: பூங்காவின் வரலாற்றைச் சொல்லும் காகிதமும், நாளைக்கு யாராவது அந்த இடத்தில் கட்டடம் எழுப்ப வந்தால் தடுக்க உதவும் காகிதமும் பெரும்பாலும் ஒன்றே. வரலாறு ஆர்வலர்களுக்கு, வழக்கு நலச்சங்கத்துக்கு என்று பிரித்துக்கொள்ளாமல் இரண்டையும் ஒரே கோப்பில் தொடங்குங்கள்.

மொத்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வார இறுதிகளில் மட்டும் செய்தால் நான்கைந்து மாதம் ஆகும். அதில் பாதி, பதிலுக்குக் காத்திருக்கும் காலம். நகல், தபால், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடக்கலாம். பழைய பத்திரங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கினால் கொஞ்சம் கூடும். "ஆவணம் எடுத்துத் தருகிறேன்" என்று இடைத்தரகர் யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். இங்கே சொல்லும் எதற்கும் தரகர் தேவையில்லை.

1. பெயர்களையும் வகையையும் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பூங்காவுக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். பலகையில் உள்ள பெயர், பழைய பெயர், ஆட்டோக்காரர் சொல்லும் பெயர், ஆங்கிலத்தில் எழுதக்கூடிய இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள். இது வீண் வேலையாகத் தோன்றும். ராயபுரத்தில் இன்று அறிஞர் அண்ணா பூங்கா என்று வழங்குவது அன்றைய ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் மழையில் நடந்தது அங்கேதான். அந்தக் காலப் பத்திரிகையில் இன்றைய பெயரைத் தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவும் அப்படியே. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயரில் தேட வேண்டும்.

பிறகு, உங்கள் பூங்கா எந்த வகை என்று பாருங்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

ஆளுநர்கள் காலத்துப் பூங்கா என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். தியாகராய நகரின் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா போல 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து நகரை விரித்தபோது உருவானவை என்றால் மாநகராட்சிப் பதிவேடுகளும் அன்றைய அரசாணைகளும். அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் என்றால் வீட்டுவசதி வாரியத்தின் மனை வரைபடம். தனியார் மனைப்பிரிவில் பொது இடமாக விட்ட நிலம் என்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) ஒப்புதலும் தானப் பத்திரமும். கடைசி வகைதான் எண்ணிக்கையில் அதிகம், ஆபத்திலும் அதிகம்.

பெரிய பூங்காவாக இருந்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கம் ஒரு நடை போய் வரலாம். ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் 1859-60 வாக்கில் அமைத்த பீப்பிள்ஸ் பார்க் நூறு ஏக்கருக்கு மேல் விரிந்திருந்தது. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதன் நிலத்தில் இறங்கின. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

2. முதியவர்களை முதல் வாரத்திலேயே பாருங்கள்

அரசுக் கோப்பு அடுத்த ஆண்டும் இருக்கும். எண்பத்தைந்து வயதுத் தாத்தாவின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மனு, காப்பகம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள்.

யாரைப் பார்ப்பது? நலச்சங்கச் செயலாளரை எல்லோரும் பார்ப்பார்கள். பயன் தருபவர்கள் வேறு ஆட்கள்: ஓய்வுபெற்ற தோட்டக்காரர், வாயிலில் சுண்டல் விற்ற அம்மா, எதிரே இருக்கும் இஸ்திரிக் கடைக்காரர், அங்கே சைக்கிள் ஓட்டப் பழகி இன்று பேரப்பிள்ளை எடுத்தவர்கள். தோட்டக்காரருக்குத் தெரிந்தது பொறியாளருக்குத் தெரியாது. கிணறு எங்கே இருந்தது, அதை எப்போது மூடினார்கள், எந்த மரம் எந்தப் புயலில் விழுந்தது என்று அவர்தான் சொல்வார்.

"அந்தக் காலத்தில் பூங்கா எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நன்றாக இருந்தது தம்பி" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள். வேலி கம்பியா, சுவரா? தண்ணீர்க் குழாய் எந்த மூலையில்? விளக்கு எத்தனை மணிக்கு அணையும்? வானொலிப் பெட்டி இருந்ததா? 1930-லேயே சென்னை மாநகராட்சி சொந்தமாக வானொலி ஒலிபரப்பு நடத்திய நகரம் இது. பூங்காவில் கூட்டமாக உட்கார்ந்து செய்தி கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பூங்காவில் கூட்டமும் சீட்டாட்டமும் பார்த்திருப்பார்கள். பெண்கள் எந்த மணிக்கு உள்ளே போகலாம், எந்த மணிக்குப் போகக்கூடாது என்று வேறொரு பூங்காவைச் சொல்வார்கள்.

ஆண்டு கேட்டால் பெரும்பாலும் தவறாகச் சொல்வார்கள். அது அவர்கள் குற்றமில்லை. "மூர் மார்க்கெட் எரிந்ததற்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள், அது 1985 மே. எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். சுனாமி 2004, பெருவெள்ளம் 2015, வர்தா புயல் 2016. இந்த ஐந்து குறிகளை வைத்துக்கொண்டால் ஏறக்குறைய எந்த நினைவையும் ஒரு காலத்துக்குள் அடைத்துவிடலாம்.

பதிவு செய்ய உங்கள் கைபேசியே போதும். விமானப் பயன்முறையில் வையுங்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், கைபேசியைப் பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் துணி மேல் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

சம்மதக் கடிதம் கட்டாயம். அரைப் பக்கம் தமிழில் போதும்: பேச்சைச் சேமிக்கலாமா, வெளியிடலாமா, பெயரைச் சொல்லலாமா, எந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். கையெழுத்து, தேதி. இதை முதல் நாளே வாங்குங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டால், அவர் காலமான பின் அமெரிக்காவில் இருக்கும் மகனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

3. புகைப்படங்கள்: ஆல்பத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்

பூங்காவைப் படம் எடுக்க வேண்டும் என்று யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். பிறந்தநாள் குழந்தையின் பின்னால் வேலி தெரியும்; புது ஸ்கூட்டரின் பின்னால் நுழைவாயில் தெரியும். ஆகவே "பூங்காப் படம் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார்கள். "பூங்காவில் எடுத்த குடும்பப் படம்" என்று கேளுங்கள்.

அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கண்ணெதிரே நகலெடுங்கள். இரவல் வாங்கிய ஆல்பம் ஒரு நாள் மழையில் நனைந்தால் அந்தத் தெருவில் பிறகு ஒரு கதவும் திறக்காது. சிறிய தட்டை ஸ்கேனர் இருந்தால் படங்களுக்கு 600 டி.பி.ஐ., கடிதங்களுக்கும் ரசீதுகளுக்கும் 300 போதும். கைபேசியில் எடுப்பதானால் ஜன்னலருகே, ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரையும் மங்கிய பென்சில் தேதியும் அங்கேதான் இருக்கும்.

1980-களில் பிரபலமான ஒட்டும் பக்க ஆல்பங்களில் மட்டும் கவனம். பசை இறுகியிருக்கும். படத்தைப் பிய்க்கப் போனால் மேல்தாள் உரிந்துவரும். பிளாஸ்டிக் உறையை மெல்ல மடித்துவிட்டு அப்படியே பக்கத்தோடு எடுத்துவிடுங்கள்.

4. பூங்காவையே ஒரு சுற்று படியுங்கள்

காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். தேய்ந்த கல்லெழுத்துகள் அப்போதுதான் நிழல் கட்டித் தெரியும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு டார்ச் பிடித்தால் போதும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. "திறந்து வைத்தவர்" என்று கல்லில் உள்ள தேதி பூங்கா பிறந்த தேதி அல்ல. சீரமைப்புக்கு ஒரு கல், நடைபாதைக்கு ஒரு கல், நீரூற்றுக்கு ஒரு கல் என்று ஒவ்வொரு முறையும் பதிப்பார்கள். பழையது எங்கோ குப்பையோடு போய்விடும். கழிப்பறைச் சுவரின் பின்புறம், தோட்டக்காரர் கருவி வைக்கும் அறை, துணி துவைக்கும் மேடை மூன்றையும் பாருங்கள். கவிழ்த்துப் போட்ட கல்வெட்டு துவைக்கும் கல்லாகப் பிழைத்திருப்பது நம் ஊரில் அதிசயமில்லை.

மரங்களைக் கணக்கெடுங்கள்: இனம், இடம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு. ஆனால் சுற்றளவை வைத்து வயது சொல்லாதீர்கள். தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த, வேகமாகப் பெருக்கும் மரம். மூன்று பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாததெல்லாம் நூறாண்டு மரம் ஆகிவிடாது. அதே வயது மகிழ மரம் ஒல்லியாக நிற்கும். மரத்தின் வயதுக்குப் பழைய புகைப்படமே நம்பகமான சாட்சி.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். 2000-க்குப் பிந்தைய மாற்றங்களுக்கு, குறிப்பாக ஓரம் எவ்வளவு அரிபட்டது என்று காட்ட, அது நன்றாக உதவும். அதற்கு முந்தையதற்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைத் தேடி நேரம் கழிக்காதீர்கள். நூறு மீட்டர் அகலப் பூங்கா அதில் இரண்டு மில்லிமீட்டர்.

5. சர்வே எண்ணைப் பிடியுங்கள்

எண் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நகராது. தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையில் நகர நில அளவைப் பதிவேட்டின் பகுதியையும், புல வரைபடத்தையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், நகரம், வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வரிசையாகக் கேட்கும்.

அங்கே கேட்கும் வார்டு, நீங்கள் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடும் வார்டு அல்ல. அது நில அளவைக்கான வார்டு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இது தெரியாமல் பலர் "பதிவு இல்லை" என்ற செய்தியைப் பார்த்துவிட்டுப் பூங்காவுக்கு ஆவணமே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். எளிய வழி: பூங்காவை ஒட்டிய வீட்டுக்காரர் ஒருவரின் பட்டாவையோ கிரயப் பத்திரத்தையோ பாருங்கள். வார்டு, பிளாக், சர்வே எண் மூன்றும் இருக்கும். பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் "வடக்கே பூங்கா" என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு வாங்குங்கள். 1962-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று அந்த இடத்தைப் பூங்கா என்று சொல்கிறது என்றால், அது எந்த அலுவலகக் குறிப்புக்கும் குறையாத சான்று.

பதிவேடு கிடைத்ததும் வகைப்பாட்டுப் பத்தியைப் பாருங்கள். பூங்கா என்று இருக்கிறதா, புறம்போக்கு என்று மட்டுமா, வேறு துறையின் பெயரிலா, அல்லது இன்னும் பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே நிற்கிறதா? கடைசி இரண்டில் ஒன்று என்றால் சங்கத்தைக் கூட்டுங்கள். பரப்பளவைக் குறித்துக்கொண்டு தரையில் நாடா வைத்து அளந்து ஒப்பிடுங்கள். அன்றைய தேதியோடு பதிவிறக்கி அச்செடுங்கள். இணையப் பதிவு மாறக்கூடியது.

6. தானப் பத்திரம்

மனைப்பிரிவுப் பூங்காக்களுக்கு மட்டும் இந்தப் படி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைப்பது பெரிய மனைப்பிரிவுகளுக்கான விதி. பத்திரம் எழுதாமலே மனைகளை விற்றுவிட்டுப் போன பழைய மனைப்பிரிவுகளில்தான் பின்னாளில் சிக்கல் வருகிறது.

பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் வரும். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைப்பதிவேட்டைத் தேட விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளைத் தேடச் சொல்கிறீர்களோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். அதனால் 1950 முதல் தேடுங்கள் என்று எழுதாதீர்கள். மனைப்பிரிவு ஒப்புதல் ஆண்டைத் தெரிந்துகொண்டு அதை ஒட்டிய மூன்று ஆண்டுகளை மட்டும் கேளுங்கள். ஒப்புதல் எண், பழைய மனை விற்பனை விளம்பரத்திலோ அக்கம்பக்கத்தார் வங்கிக் கடனுக்காக எடுத்துவைத்த வரைபட நகலிலோ இருக்கும்.

7. தகவல் உரிமை மனு: நிதானமாக எழுதுங்கள்

2005-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டணம் பத்து ரூபாய். விண்ணப்பத்தில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இணையம் வழியாகவும் அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு அனுப்புங்கள். அந்த ஒப்புகைத் தேதியிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லவும் வேண்டாம். பக்கம் பக்கமாகப் பூங்காவின் அருமையை எழுதி அனுப்புபவர்கள் உண்டு. படிக்கும் அலுவலருக்கு எது கேள்வி என்றே தெரியாது. "ஏன் பராமரிக்கவில்லை?" என்ற வகைக் கேள்விகளுக்கும் பதில் வராது. சட்டம் தருவது அலுவலகத்தில் பதிவாக இருக்கும் தகவலை. நகல் கேளுங்கள். மாநகராட்சிக்கான மனுவில் நான் வைக்கச் சொல்வது இவ்வளவுதான்:

– சர்வே எண் இன்னதில் உள்ள பூங்காவுக்கான அசையாச் சொத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.

– நிலம் மாநகராட்சியிடம் வந்ததற்கான ஆணை, ஒப்படைப்புக் கடிதம் அல்லது தானப் பத்திரத்தின் நகல்.

– பெயர் சூட்டியது, பெயர் மாற்றியது தொடர்பான மன்றத் தீர்மானங்களின் நகல்.

– பூங்கா தொடர்பான கோப்புகளின் எண், தலைப்பு, தேதி அடங்கிய பட்டியல்.

– அந்தக் கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி.

கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பட்டியல் கைக்கு வந்தால் அடுத்த மனு குறி தவறாது. நேரில் பார்வையிட்டால், நீங்கள் கேட்கத் தோன்றாத தாள்களும் கண்ணில் படும்; முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. "பூங்கா குறித்த அனைத்து ஆவணங்களும்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். தட்டிக்கழிக்க அதைவிட வசதியான வாசகம் இல்லை.

தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டாலும் பதற வேண்டாம். பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். நகல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டுங்கள். கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் அந்த 30 நாள் கணக்கில் சேராது. கெடு தாண்டித் தந்தால் நகல் இலவசம்.

பதில் வரவில்லை அல்லது அரைகுறையாக வந்தது என்றால் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அந்தப் பதிவேட்டிலும் இல்லை என்றால் கோப்பு எங்கோ இருக்கிறது என்று பொருள். இரண்டாம் முறை தேடும்போது பல கோப்புகள் கிடைத்துவிடுகின்றன.

8. காப்பகமும் நூலகமும்

இப்போது போங்கள். கையில் பெயர்களும் ஆண்டுகளும் இருப்பதால் ஒரு வாரத்து வேலை ஒரே காலையில் முடியும்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அடையாள அட்டை, புகைப்படம், ஆய்வின் நோக்கம் சொல்லும் கடிதம் மூன்றும் எடுத்துச் செல்லுங்கள். கல்லூரி சாராதவர்கள் நலச்சங்கத் தாளில் கடிதம் எழுதி, என்ன கேட்பார்கள் என்று முன்னதாகவே விசாரித்துவிடுவது நல்லது. நகல் எடுக்கவும் படம் எடுக்கவும் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு. மேசையில் பேனா வேண்டாம், பென்சில் மட்டும். கேட்ட கட்டு அன்றே கைக்கு வரும் என்ற நினைப்பில் போகாதீர்கள். இரண்டு காலை வேளைகளை ஒதுக்குங்கள்.

அங்கே "பூங்கா" என்று ஒரு தலைப்பு இருக்காது. உள்ளாட்சி தொடர்பான துறை அரசாணைகளின் ஆண்டு அட்டவணையை எடுத்து, சென்னை மாநகராட்சி என்ற தலைப்பின் கீழ் நிலம் எடுப்பு, கடன், பெயர் சூட்டல் என்று தேடுங்கள். மாநகராட்சியின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளும் இப்படித்தான். பூங்காச் செலவு பொதுப்பணிப் பகுதிக்குள் ஒளிந்திருக்கும்.

1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் அருகிலேயே இருக்கிறது. பழைய நாளிதழ்களும் நகர டைரக்டரிகளும் அங்கே கிடைக்கும். நாளிதழை முதலிலிருந்து புரட்டாதீர்கள். கல்வெட்டிலோ தீர்மானத்திலோ கிடைத்த தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் மட்டும் பாருங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் உதவும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1990-களுக்குப் பிந்தைய செய்திக்கு மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு பகுதிகளின் இலவச வார இதழ்களைப் பெரிய நாளிதழ்களைவிட நம்பலாம். பூங்கா வாயிற்கதவு உடைந்தது அவற்றில்தான் செய்தியாக வரும்.

9. கிடைத்ததை வைத்துப் பூங்காவைக் காப்பது

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பது பல நலச்சங்கங்களுக்கே தெரியாது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை நினைத்த மாத்திரத்தில் வேறு பயனுக்குத் திருப்ப முடியாது. உங்கள் பூங்கா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தனியாக ஒரு தகவல் மனு போடுங்கள். இல்லை என்று பதில் வந்தால், 5, 6, 7-ஆம் படிகளில் சேர்த்த நகல்களை இணைத்து, சேர்க்கக் கோரி ஆணையருக்கு எழுதுங்கள்.

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்குக்குப் போனவர்கள் அந்தப் பகுதிவாசிகள். அவர்களுக்குக் கைகொடுத்தது, அந்த இடம் பூங்கா என்று காட்டிய அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். வழக்கறிஞரிடம் போகும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். உங்கள் கோப்பை அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

10. சேமிப்பும் வெளியீடும்

கோப்புப் பெயரில் ஆண்டு, பொருள், யாரிடமிருந்து என்று எழுதுங்கள். "1974_நுழைவாயில்_3-ஆம்தெருவீடு" என்பது போல. கைபேசி தானாக இடும் எண்ணை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். 2015 வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த பீரோக்கள் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். காகிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் அடைக்காதீர்கள். சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். லேமினேஷன் அறவே வேண்டாம்.

படங்களைப் பொதுவில் ஏற்றுவதானால் விக்கிமீடியா காமன்ஸ் நல்ல இடம். ஆனால் அங்கே கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதைப் படம் தந்தவருக்குத் தெளிவாகச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அச்சில் வெளியான புகைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. பழைய பத்திரிகைப் படம் என்பதால் மட்டும் எடுத்துப் போட்டுவிட முடியாது.

தகவல் பலகை வைக்க மண்டல அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. ஒரு பலகைக்கு எண்பது சொல் போதும். ஆதாரம் இல்லாத ஆண்டைப் போடாதீர்கள். "1960-களில்" என்று எழுதுவதில் குறைவு எதுவும் இல்லை. பெரிய மனிதர் பெயர்களைக் குறைத்து, தோட்டக்காரர் பெயரைச் சேருங்கள்.

கண்காட்சி வைக்க நினைத்தால், மெட்ராஸ் தினக் கொண்டாட்டங்கள் நடக்கும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி வையுங்கள். அந்த வாரம் செய்தியாளர்களும் வருவார்கள். அனுமதி மனுவை ஜூலைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். மூலப் படங்களைக் கொண்டுபோக வேண்டாம், அச்சுப் பிரதி மட்டும். ஒரு மேசையில் ஸ்கேனரும் சம்மதப் படிவக் கட்டும் வைத்து, பழைய படம் கொண்டு வருபவர்களுக்கு அங்கேயே நகலெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக் கூட்டம் வரும்போதே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பல பூங்காக்களை முற்பகலில் பூட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. சாவி வைத்திருப்பவரிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.